என் விளக்கு குடித்த இலத்திரன்கள்

மின்சாரக் கம்பியில் ஓடும் இலத்திரன்களை எண்ணிச் சொன்னதற்காக வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். அதுவும் சரியாக எண்ணிச் சொன்னதற்காக. பிழையாக எண்ணியிருந்தால் தலையில் ஒரு குட்டோடு போயிருக்கும். சரியாக இருந்ததுதான் பிசகு. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன், இலத்திரன் என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கிறேன், இன்னும் சில சமயம் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று நாடே தெருவில் நின்ற காலம் அது. கரண்டையும் வெட்டினார்கள். வெட்டுவதற்கு ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்திருந்தார்கள். எங்கள் எழுத்துக்கு மட்டும் எப்படியோ பெரும்பாலும் மாலையில்தான் வெட்டு விழுந்தது. பகலில் வெட்டினால் யார் அழப்போகிறார்கள்? பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அடுத்த வருஷம் எனக்கு, மேலே படிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் சாதாரண தரப் பரீட்சை.

எங்கள் வீடு புசல்லாவையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறி, தேயிலை மலையை ஒட்டி இருந்தது. அப்பா ஆட்டோ ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களின் பெயர்ப்பதிவை விட்டு வெளியே வந்து சொந்தமாக ஒரு தொழில் செய்த முதல் ஆள் அவர். அதில் அவருக்கு இருந்த பெருமையை ஆட்டோவின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். மாதா படம், எங்கள் இரண்டு பிள்ளைகளின் பெயர், ஜிகினாக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய ஒரு கழுகு. உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர். அவர் வருவது வளைவுக்கு அந்தப் பக்கமே கேட்கும்.

அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். அந்த மாமா கண்டியில் மின்சாரச் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தார். பல்பு விற்கிறவருக்கு மின்சாரம் முழுவதும் தெரியும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். பியூஸ் போனாலும் மாமா, மின்னல் அடித்தாலும் மாமா. அதே மாமாவுக்கு அந்த நாட்களில் இன்னொரு வேலையும் இருந்தது. சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பாட்டைப் பாடுவார்: "மச்சான், பேசாம ஆட்டோவ வித்துட்டு எங்க கடைக்கு வந்துருங்க. ஸ்டோர்ல சாமான் எறக்க ஆள் தேடுறாங்க. நான் மொதலாளிகிட்ட சொல்றேன்." அப்பா ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே, "ஹயர் ஓடிக்கிட்டுதானே இருக்கு, பாப்போம்" என்பார். எங்கள் பக்கத்தில் சவாரிக்கு ஹயர் என்றுதான் பெயர். எனக்கு அது வெறும் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகத்தான் பட்டது.

கரண்ட் வெட்டுக்கு எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்போது அந்தப் பக்கத்தில் ஆட்டோ வைத்திருந்த பல வீடுகளில் இருந்த ஏற்பாடுதான். மாலையில் அப்பா வந்ததும் ஆட்டோவின் பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். முன்னறையில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வைப்பார். மாமா கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன எல்.ஈ.டி. பட்டியை, முதலைவாய் போன்ற இரண்டு கிளிப்பால் அதில் மாட்டினால், மேசைக்கு மட்டும் போதுமான வெள்ளை வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் எனக்கு. என் தம்பி அதன் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் நாய் நரி காட்டுவான். கரண்ட் வந்ததும் அம்மா கிளிப்பைக் கழற்றுவாள். விடிந்ததும் பேட்டரி திரும்பவும் ஆட்டோவுக்குப் போகும்.

ஒரு நாள் காலையில் ஆட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹோர்ன்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல முனகியது. மாமா கண்டி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், பையை வைத்துவிட்டு வந்து பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது மரியாதைக்கு. குனியக்கூட இல்லை.

"பேட்டரி செத்துருச்சு மச்சான். புள்ள ராவெல்லாம் லைட்டப் போட்டு வச்சா எப்புடி நிக்கும்?"

நான் பள்ளிக்கூடச் சீருடையில், வாயில் பாதி ரொட்டியோடு நின்றேன். ராவெல்லாமா? கரண்ட் வந்த உடனே அம்மாதான் கிளிப்பைக் கழற்றினாள். ஒரு கிளிப் மற்றதில் பட்டுப் பொறி பறந்ததும், அவள் "யேசுவே" என்று கையை உதறியதும்கூட எனக்கு நினைவிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா உள்ளே போய் என் விளக்கை எடுத்துச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "இனி இது வேணாம். மனுசன் பொழப்பு கெட்டுரும்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அப்பா பேட்டரியைத் தோளில் தூக்கி, சார்ஜ் போடும் கடைக்கு ரோட்டில் இறங்கி நடந்தார். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தண்டனை மட்டும் உண்டு.

விளக்கு இல்லையென்றால் என்ன என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து மெழுகுவர்த்தி விலையை மறந்தவர்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான் எரியும், அதுவும் மாதா சுரூபத்துக்கு முன்னால், செபமாலை முடியும்வரை. பிறகு அதை ஊதி அணைத்து அடுத்த நாளுக்கு வைப்பார்கள். மண்ணெண்ணெய் கண்ணில் காணவே கிடைக்காது. எனக்கு அந்த விளக்குதான் பரீட்சை. அது போனால் நான் போக வேண்டிய இடம் எது என்று எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பில் யாரோ ஒருவருடைய வீட்டில் பிள்ளை பார்க்கப் போக வேண்டியதுதான்.

கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பும்படி, அன்றைக்கே விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் மின்னோட்டக் கணக்கைத் தொடங்கினார். அம்பியரை நேரத்தால் பெருக்கினால் மின்னேற்றம் வரும், அது கூலோமில். நேரம் செக்கனில் இருக்க வேண்டும், மணியில் வைத்துப் பெருக்கி என்னிடம் அடி வாங்காதீர்கள் என்றார். அந்த மின்னேற்றத்தை ஓர் இலத்திரனின் ஏற்றத்தால் வகுத்தால், கம்பி வழியே போன இலத்திரன்களின் எண்ணிக்கை வரும். பின்வரிசையில் ஒருத்தி, "இதையெல்லாம் எண்ணி என்ன சேர் செய்ய?" என்று கேட்டாள். "பரீட்சைல வரும்" என்றார் சேர். எனக்கோ வேறு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு இலத்திரனையும் எண்ணிக் கொண்டுபோய் மாமாவின் முகத்தில் கொட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரி மேலிருந்த பட்டியின் முதுகைப் படித்தேன். கால் அம்பியர் என்று அச்சிட்டிருந்தது. சார்ஜ் ஆகித் திரும்பியிருந்த பேட்டரியின் பக்கவாட்டில் முப்பத்திரண்டு அம்பியர் மணி என்று இருந்தது. வெட்டு மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் என்றால் பத்தாயிரத்து எண்ணூறு செக்கன். கால் அம்பியரால் பெருக்கினால் இரண்டாயிரத்து எழுநூறு கூலோம். வகுத்தேன். வந்த விடையைப் பத்தின் வலுவாக எழுதினால் வீட்டில் யாருக்கும் விளங்காது என்று, பூச்சியங்களை முழுதாக எழுதினேன். பதினாறாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து, அதற்குப் பின்னால் பதினெட்டுப் பூச்சியம். கொப்பியின் ஒரு வரி முழுக்க நிறைந்தது. எனக்கு எத்தனை சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

அன்று மாலை வெட்டு விழுந்ததும் செபமாலை நடந்தது. ஆமென் சொல்லி முடிந்து அம்மா மெழுகுவர்த்தியை அணைக்கக் குனிந்தபோது நான் குறுக்கே விழுந்தேன். "கொஞ்சம் பொறுங்க. எனக்கு ஒன்னு சொல்லணும்" என்று கொப்பியை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் விரித்து, நேற்று என் விளக்கு எத்தனை இலத்திரன்களை எடுத்தது என்று வாசித்தேன். பூச்சியங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன்.

அதுதான் நான் செய்த மடத்தனம். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி! இத்தனையா?"

மாமாவுக்குக் கேட்க வேண்டுமா? "பாத்தீங்களா மச்சான்? அவளே ஒத்துக்கிட்டா. ஒரு லைட்டுக்கு இத்தன கோடி போனா பேட்டரில என்னா மிஞ்சும்?"

நிரபராதி என்று நிரூபிக்கக் கொண்டுவந்த எண்ணே என்னை மாட்டிவிட்டது. இதைவிட அநியாயம் உண்டா? இலத்திரன் என்பது எவ்வளவு சின்னது, அதற்குக் கோடியும் ஒன்றுதான் ஒன்றுமில்லாததும் ஒன்றுதான் என்று கத்தினேன். என் தம்பி அந்த நேரம் பார்த்து, "போன எலத்திரன் எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். சுற்றில் போய்த் திரும்பவும் பேட்டரிக்கே வந்துவிடும் என்று சேர் சொல்லியிருந்ததை அவசரப்பட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

"திரும்பி வந்துருச்சுன்னா அப்பறம் எப்புடி பேட்டரி கொறைஞ்சுச்சு?" என்றார் மாமா. அறை முழுவதும் சிரித்தது. போனது திரும்பி வந்தாலும், அதைச் சுற்றி அனுப்பும் வேலையில் உள்ளே இருக்கும் ஈயமும் அமிலமும்தான் மாறிப்போகின்றன என்று இன்று என்னால் சொல்ல முடியும். அன்று முடியவில்லை. பதில் தெரியாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தெரிந்த உண்மையையெல்லாம் அடித்து நொறுக்கலாம் என்பதை நான் மாமாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் விடவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். "பேட்டரி நெறைஞ்சிருந்தா மொத்தம் எம்புட்டுன்னும் கணக்குப் பாத்திருக்கேன். என் லைட்டு எடுத்தது அதுல நாப்பதுல ஒரு பங்குதான். நாப்பது நாள் எரிச்சாத்தான் தீரும். ஒரு நாள்ல எப்புடித் தீரும் மாமா?"

மாமா முதல் தடவையாகக் கொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு அம்பியர் மணி தெரியும், கடையில் பேட்டரியும் விற்கிறவர்தானே. உதடு அசைய மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். "கணக்கு சரிதான் போல" என்றார் அரைமனத்தோடு. "அப்ப மிச்சத்த யாரு தின்னா?"

என் தம்பி, "நான் இல்ல" என்றான்.

நான் அப்போது வெற்றி தலைக்கேறி நின்றேன். "மாமா, எஞ்சின் ஓடுனா பேட்டரி தன்னாலயே சார்ஜ் ஆகும்ல?"

"ஆகும்."

"பகலெல்லாம் ஹயர் ஓடுனா சாயந்தரம் பேட்டரி நெறைஞ்சிருக்கணும்ல?"

"இருக்கணும்."

"அப்ப பேட்டரி வீட்டுக்கு வரும்போதே காலியாத்தான் வந்திருக்கு. நேத்து ஆட்டோ ஓடவே இல்ல!"

இப்படி ஒரு முடிவுக்கு வந்ததற்கு என் முதுகில் யாராவது தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை முழங்கால் மேல் கிடந்தது, பேட்டரி அமிலம் பட்டுச் சட்டைக் கையில் விழுந்திருந்த ஓட்டையை ஒரு விரல் நோண்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"வாய மூடுடி. பெரிய கணக்குப்புள்ள. நான் என் கண்ணால பாத்தேன். விடிய எந்திரிச்சு வந்தப்ப லைட்டு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. இவ மறுபடியும் மாட்டி வச்சிட்டு அப்புடியே தூங்கிட்டா. மாமா ஏசுவாரேன்னுதான் காலையில நான் சொல்லல."

சொன்னவள் யார்? கிளிப்பைக் கழற்றியவள். பொறி பறந்து கையை உதறியவள். செபமாலை சொன்ன வாயின் ஈரம் காயும் முன்னே, மாதா சுரூபத்துக்கு நேர் முன்னால், பெற்ற பிள்ளைமேல் பொய் சொன்னாள். அப்படியே எரிந்திருந்தாலும் கணக்கு உதைக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது. "விடிய விடிய எரிஞ்சாலும் பத்துல ஒரு பங்குகூட வராது!" என்று கத்தினேன். அம்மா கையை ஓங்கினாள். மாமா, "சரி விடுக்கா, சின்னப் புள்ள" என்று கொப்பியை மூடினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. கணக்கு சரி என்று தன் வாயால் சொன்ன மனிதர், பொய்யைக் கேட்டதும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போதும்மா. கணக்கு போதும்." யாரிடம் சொன்னார் என்றுகூடத் தெரியவில்லை. அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். இருட்டில் எல்லோரும் எழுந்து போகும் சத்தம் கேட்டது. நான் சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அடுத்த நாள் மாலை வெட்டு விழுந்தபோது அப்பா வழக்கம்போல் பேட்டரியைக் கொண்டுவந்து சாக்கின்மேல் வைத்தார். அலுமாரி மேலிருந்து விளக்கை எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து, கிளிப்பை மாட்டி, என் மேசைப்பக்கம் திருப்பி வைத்தார். "படி" என்றார். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு கிடைத்துவிட்டது. ஆனால் நீ விளக்கை மறுபடி மாட்டவில்லை என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வசனம். வெளிச்சத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்தபடி, ஒரு எழுத்தும் படிக்காமல் கொதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசனம் கிடைக்க எவ்வளவோ காலம் ஆயிற்று. மாமா கல்யாணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போன பிறகு, ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா தானாகச் சொன்னாள். அப்பாவுக்கு அந்த நாட்களில் ஹயரே கிடைக்கவில்லையாம். கிடைத்தாலும் ஓட பெட்ரோல் இல்லை. கீழே ரோட்டு வளைவில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, பகல் முழுவதும் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பாட்டு ஓடினால், போகிற வருகிறவர்கள் ஹயருக்கு நிற்கும் ஆட்டோ என்று நினைப்பார்கள். சத்தமில்லாமல் நின்றால், முடிந்துபோன ஆட்டோ என்று கண்டியில் வேலை செய்யும் மாமாவின் காது வரைக்கும் போய்விடும். அடுத்த மாதமே அப்பா யாரோ ஒருவருடைய கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். என் பேட்டரியைத் தின்றது அந்தப் பாட்டு. மாலையில் மேட்டில் ஏறி வருவதற்கு மட்டும் டாங்கியில் ஒரு சொட்டு பெட்ரோல் மிச்சம் வைத்திருப்பாராம்.

"நீ லைட்ட மறுபடி மாட்டல. கழட்டுனதே நான்தான், எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "ஒன்மேல போட்டா ரெண்டு நாள் அழுவ, அப்பறம் மறந்துருவ. அவர்மேல போட முடியுமா?"

நான் மறக்கவில்லை என்று சொன்னேன். துருவலில் கண்ணை வைத்தபடி, அது தெரியும் என்றாள். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை யார்மேல் வைப்பது என்பதில்தான் முன்பிருந்த தெளிவு இல்லை. எங்கள் ஊருக்கு எழுத்துப் போட்டு வெட்டியவர்களின் வீடுகளில் அந்த மூன்று மணி நேரமும் எல்லா அறையிலும் விளக்கு எரிந்திருக்கும். அங்கே யாரும் யார்மேலும் பொய் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

அம்மா சொன்ன பிறகுதான், விளக்கு திரும்பிக் கிடைத்த மறுநாள் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. நான் கோபத்தில் யாருக்கும் முகம் கொடுக்காமல் ஜன்னலோரம் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பவே இல்லை; திருப்பினால் அந்த 'டிக்' மாமாவுக்குக் கேட்டிருக்கும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். ஆட்டோ எஞ்சின் சத்தமே இல்லாமல் இறக்கத்தில் உருண்டு ரோட்டுப் பக்கம் போய் மறைந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த மாமா, "மச்சான் கெளம்பிட்டாரா?" என்று கேட்டார்.

"விடிய முன்னமே போன் கோல் வந்துருச்சுடா" என்றாள் அம்மா. "நுவரெலியாவுக்கு ஹயர்."

நான் பின்னலை இறுக்கிக் கட்டினேன். இதோ, இரண்டாவது பொய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.